அடைப்புக்குறிக்குள்

குறும்பனை மீன் விற்கும் பெண்கள் சங்கத்தின்
புதன்கிழமைக் கூட்டத்தில்
முதல் கேள்வி மெற்றில்டாவுடையது:
"அங்க அயலைக்கு என்ன வெல?"

கேட்கவில்லை என்றேன்.
பதினோரு நாள் ஓர் ஊரில் இருந்துவிட்டு
மீன் விலை தெரியாமல் வந்தவளை
எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஜன்னலில்லாத மண்டபம் அது. உள்ளே பனி.
கடலைப் பற்றிப் பேச நூறு நாடு வந்திருந்தது.
கடல் வாசம் இருந்தது என் பையில் மட்டும்தான்,
அதையும் விமான நிலையத்தில் ஒருவன்
கையுறை போட்டு எடுத்து, முகர்ந்து,
நெத்திலிக் கருவாடு என்று தெரியாமலே
குப்பையில் போட்டிருந்தான்.

எனக்கு மூன்று நிமிடம் தந்தார்கள்.
நான் ஒரு வரி, வக்கீல் டெல்பின் ஆங்கிலத்தில் ஒரு வரி;
ஆக, ஒன்றரை நிமிடம்.
அவள் எழுதித் தந்த தாளில்
நிலைத்த வளர்ச்சி என்று ஆறு இடத்தில் இருந்தது.
தாளைக் கவிழ்த்து வைத்தேன்.
டிக்கெட் இலவசம், கடவத்துக்கு இடமில்லை
என்று விசிலடிக்கும் கண்டக்டரைச் சொன்னேன்.
ஒக்கி கழிந்த மறுவாரம்
ஆண்களின் பெயரையெல்லாம் எழுதி முடித்த அதிகாரி
மீன்காரியை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று
பேனாவைக் கடித்ததைச் சொன்னேன்.
சந்தையில் மூத்திரம் போக இடமில்லாமல்
பகலெல்லாம் தண்ணீர் குடிக்காத ரோஸ்லெட்டின்
சிறுநீரகக் கல்லைச் சொல்லும்போது
சிவப்பு விளக்கு எரிந்தது.
கண்ணாடிக் கூண்டுகளுக்குள்
அந்தக் கல் ஐந்தாறு மொழியில் உருண்டது.

"எனக்க கல்லா?" என்றாள் ரோஸ்லெட்.
வெட்கமா பெருமையா என்று தெரியவில்லை.

கை தட்டினார்கள்.
ஏலம் முடிந்தது என்று நினைத்தேன்.
அன்று ராத்திரிதான் ஏலமே தொடங்கியது.
அறிக்கையின் வரைவில் எங்களைத் தேடிப் பிடித்து
டெல்பின் விரல் வைத்துக் காட்டினாள்:
சதுர அடைப்புக்குறிக்குள் இருந்தோம்.
அப்படியென்றால் என்ன?
யாரோ ஒரு நாட்டுக்கு
நீங்கள் இருப்பதில் சம்மதமில்லை என்று அர்த்தம்.

கடலே இல்லாத நாட்டுக்காரர் ஒருவர்
ரொம்ப மரியாதையாக
'பிற பங்குதாரர்கள்' என்றால் போதாதா என்றார்.
சாளையையும் சுறாவையும் ஒரே குவியலாக
உங்கள் ஊரில் ஏலம் விடுவீர்களா என்று கேட்கச் சொன்னேன்.
டெல்பின் அதை எப்படிச் சொன்னாளோ,
அவர் சிரிக்கவில்லை.

பக்கத்தில் செனகல்காரி அவா.
மீன் சுட்டு விற்கிறவள்.
அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்கு.
விடியப் போகிற நேரத்தில்
என் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தாள்,
சும்மாடு தேய்த்து முடி போன இடத்தை.
பிறகு தலைத்துணியை அவிழ்த்து
தன்னுடையதைக் காட்டினாள்.

மூன்றே முக்காலுக்கு அடைப்புக்குறி போனது.
போகிற போக்கில்
'இயன்ற இடங்களில்' என்று ஒரு சொல்லை
எங்கள்மேல் ஒட்டிவிட்டுப் போனது.
மீன் விற்கும் பெண்களுக்கு,
இயன்ற இடங்களில்,
பயண வசதியும் கழிப்பறையும்.
அறுபத்தோராம் பத்தி, இரண்டாம் வரி.

நகலை வாங்கி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள் மெற்றில்டா,
கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல.
"அப்போ கருங்கல் இயன்ற இடமா, இல்லியா?"

எனக்குத் தெரியவில்லை.
டெல்பினுக்கும்.

வியாழன் காலை ஐந்தரை பஸ்
எங்களைப் பார்த்ததும் வழக்கம்போல வேகமெடுத்தது.
நாங்கள் வழக்கம்போல ஓரத்தில் நிற்கவில்லை.
முன்னால் நாலு பேர், அது நின்றதும்
பின்னால் நாலு பேர்,
கடவங்களை ரோட்டில் இறக்கி வைத்தோம்.
நடுவில் பஸ்.

டிரைவர் ஹாரன் அடித்தார். அடிக்கட்டும்.
அடைப்புக்குறியை எடுக்க
எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும்.

மெற்றில்டா ஜன்னல் ஜன்னலாகப் போய்
அயலை விலை சொல்லிக்கொண்டிருந்தாள்.